வாவுக்கு முந்தின நாள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். சந்தைக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகையில் வேதாசலம் வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். திருப்பாலைவனத்து நெல்வயல் பக்கத்து மனிதர். ரொம்பக் கறார், அந்தக் கறாரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பள்ளி விடுமுறை. வாவு என்பார்கள். ஒவ்வொரு வாவுக்கும் முந்தின நாள் காலையில் பிள்ளைகளை நிறுத்திக் கேள்வி கேட்பார். தேறியவனுக்கு அடுத்த பாடம், கையில் ஓலை. தேறாதவன் பழைய பாடத்தையே மறுபடி மணலில் எழுத வேண்டும். எவனுக்கு எது வரவில்லையோ அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நம்பினார். நம்பினதில் தப்பில்லை, பாவம்.

ஆனால் மணலிலேயே தங்கிப்போன ஏழு பேரும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். அதிலும் வரதன் என்கிற பையன் அவரைப் படாதபாடு படுத்தினான். மற்ற நாளில் கேட்டால் ஏதோ சொல்வான். கேள்வி நாளன்று தூண் மாதிரி நிற்பான். அவனுக்குத் தெரியாது என்று வாத்தியார் முடிவுகட்டி, ஐந்து மாதமாக அதே பாடத்தைப் புகட்டிக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில் ஒருநாள் அவன் அப்பா பச்சைமுத்து வந்து நின்றார்.

“கோட்டை வாசல்ல ஓலை தொங்குனா, இன்னா எழுதிக்கீதுன்னு யாரையாச்சும் கெஞ்சித்தான் கேக்கணும் வாத்தியாரே. குப்பத்துல ஒருத்தனாச்சும் படிக்கட்டும்னுதான் இவனை அனுப்புனேன். படிப்பு ஏறலன்னா உடுங்க. இந்த வாவுக்கும் தேறலன்னா தோணியில ஏத்திக்கிறேன்.”

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. கேள்வி நாளன்று விடிந்ததும் பையனைத் தானே கூட்டிவரலாம் என்று குப்பத்துக்கு நடந்தார். குடிசைகளில் ஆளே இல்லை. கடலோடு சேரும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் ஊரே வலை பிடித்து நின்றது. நடுவில் வரதன், கண் செருக, உதடு நீலம் பாரித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மற்ற ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

“எப்போதிருந்து நிற்கிறான்?” என்று கேட்டார்.

“முதக் கோழி கூவுறதுக்கு முன்னாடி வந்தது. வாவு நெருங்குனா தண்ணி வேகமா இழுக்கும், எறா ஓடும். அத்த உட்டா சோறு ஏது? எல்லா வாவுக்கும் இப்படித்தான்” என்றார் பச்சைமுத்து.

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“இது தெரியாதவங்க இருக்காங்களா வாத்தியாரே?”

நெல்வயல் பக்கத்து மனிதருக்குத் தெரியவில்லை. வாத்தியார் கூனிக்குறுகிப் போனார். விடிய விடியத் தண்ணீரில் நின்ற பிள்ளைகளை நிறுத்தித்தான் இத்தனை காலமும் கேள்வி கேட்டிருக்கிறார்.

“இன்றைக்குக் கேள்வி இல்லை. இனிமேல் அஷ்டமியன்று கேட்கிறேன். அதுவரை பையனைத் தோணியில் ஏற்றாதீர்கள்” என்றார்.

வாவு கழிந்து எட்டாம் நாள் வரும் அஷ்டமிக்கு நீரோட்டம் அடங்கி ஏரி சும்மா கிடந்தது. பிள்ளைகள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தார்கள். ஏழு பேரில் ஆறு பேர் தேறினார்கள். சிங்காரத்துக்கு மட்டும் கூட்டெழுத்து நிஜமாகவே வரவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். வரதன் முழுப் பாடத்தையும் தங்குதடையின்றிப் படித்து முடித்தான்.

“இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?”

“ஆவணியிலேர்ந்து.”

“அப்புறம் ஏன்டா இத்தனை நாள் மணலில் உட்கார்ந்திருந்தாய்? தெரியும் என்று சொல்ல வேண்டியதுதானே?”

வரதன் அவரைப் பார்த்து விழித்தான். “எனக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

வாத்தியார் எழுந்தார். ஓர் ஓலையை நறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, பச்சைமுத்துவிடம் மன்னிப்புக் கேட்கக் குப்பத்துக்குக் கிளம்பினார்.