கோட்டுக்குக் கீழே நின்ற இரண்டு

அச்சாகி வந்த புத்தகத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டி, சுபிதா தன் சூத்திரத்தைத் தேடினாள்.

மார்த்தாண்டத்தில் ஞானசிங்கின் டிடிபி கடையில் அவள் சேர்ந்து இரண்டு வருடம். அப்பா ரப்பர் பால்வெட்டுகிறவர். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவள் அவள், அதுவும் கணக்கில். சூத்திரம் வரும் வேலையெல்லாம் அவள் தலையில்தான். இந்தப் புத்தகம் ஒரு நர்சிங் உதவியாளர் பயிற்சி நிலையத்துக்கானது. தங்கை பிரீனா படிப்பதும் அங்கேதான்.

குழந்தைக்கு ஒரு வேளைக்கு எத்தனை மில்லி மருந்து என்ற சூத்திரத்துக்கு அரை நாள் மெனக்கெட்டிருந்தாள். கணக்குக்குள் தமிழ்ச் சொல்லை அப்படியே போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். ஒவ்வொரு சொல்லையும் தனிப் பெட்டியில் அடைத்து, மேலே 'எடை × கிலோவுக்கான ஒருநாள் மில்லிகிராம்', நடுவே கோடு, கீழே 'ஒரு மில்லியில் உள்ள மில்லிகிராம் × வேளைகள்' என்று நிறுத்தியிருந்தாள்.

இப்போது கோட்டைக் காணோம். எல்லாம் ஒரே வரியில், நடுவில் ஒரு சாய்கோடு. அடைப்புக்குறியும் இல்லை.

பத்து கிலோ பிள்ளை. கிலோவுக்கு முப்பது, மில்லியில் ஐம்பது, நாளுக்கு இரண்டு வேளை. கோடு இருந்தால் வேளைக்கு மூன்று மில்லி. இந்த வரியை அப்படியே போட்டுக்கொண்டு போனால், வகுக்க வேண்டிய இரண்டு பெருக்கிவிடும். பன்னிரண்டு மில்லி.

"அண்ணே, இதை யாரு மாத்தினது?"

"எபிசன்தான்" என்றான் ஞானசிங். கடையில் பக்கம் கட்டுகிறவன் எபிசன். "உனக்க பின்னம் எல்லாம் மாடிவீடு போல எழும்பி நிக்கி. அறுபத்தாறு பக்கம் வந்துட்டு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ரெண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் யாரு போடுவா? எல்லாத்தையும் படுக்க வச்சோம், எடுத்துக்காட்டைத் தூக்கினோம். அறுபத்துநாலுல நின்னுட்டு."

"பிள்ளைக்கு நாலு மடங்கு மருந்து போவும்."

"ஏட்டி, அந்தப் பெண்ணுங்க இதைப் பாத்தா மருந்து குடுப்பினும்? பரீட்சைக்குப் படிப்பினும், மறப்பினும்."

"ஒரு திருத்தச் சீட்டு அடிச்சு ஒட்டுவோம்."

"சீட்டு ஒட்டின புக்கைக் கண்டா அடுத்த வேலை நமக்குத் தருவினுமா? நாலு மணிக்கு வண்டி வரும். நீ உனக்க சோலியைப் பாரு."

அவன் சாப்பிடப் போனதும் சுபிதா கறுப்புப் பேனாவை எடுத்தாள். அறுநூறு புத்தகம். ஒவ்வொன்றிலும் இரண்டு அடைப்புக்குறி. பைண்டிங் பார்க்கும் ரெஜிலாவையும் இழுத்து உட்கார வைத்தாள்.

"எனக்குக் கணக்கு தெரியாதே மக்கா."

"வளைச்சு ரெண்டு கோடு போடத் தெரியும்லா? அது போரும்."

வண்டி மூன்றரைக்கே வந்துவிட்டது. இருநூற்றுப் பத்துதான் முடிந்திருந்தது. ஞானசிங் அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தான்.

"புதுப் புக்குல கிறுக்குதியா? நாளையிலேருந்து வரண்டாம்."

பயிற்சி நிலையத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். மேடம் வகுப்பில் இருக்கிறார், சொல்கிறோம் என்று மூன்று முறையும் வைத்துவிட்டார்கள். விடுதியில் பிரீனாவுக்குப் போன் கிடையாது.

பிரீனா சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். பையை இறக்கும் முன்பே சுபிதா அவள் புத்தகத்தை உருவி, முப்பத்தொன்றாம் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

"எழுதாதக்கா. கொஞ்சம் புக்குல யாரோ பேனாவால கிறுக்கியிருந்து. பழைய புக்கைத் தலையில கட்டிட்டான்னு ஆதிரா மேடத்துக்கு ஒரே கோவம். ஒயிட்னர் வாங்கித் தந்து எங்களையே அழிக்க வச்சாவ."

சுபிதாவின் பேனா அப்படியே நின்றது.

"பத்து கிலோ பிள்ளை" என்றாள். "கிலோவுக்கு முப்பது. மில்லியில் ஐம்பது. ரெண்டு வேளை."

"பன்னிரண்டு." பிரீனா விரல்கூட மடக்கவில்லை. "இதுல எனக்குப் பத்துக்குப் பத்து. திங்கக்கிழமை பிள்ளைங்க வார்டுல விடுதாவ, கருங்கல் ஆஸ்பத்திரியில."

"உனக்ககூட எத்தனை பேரு போறாவ?"

"நாப்பது. ஏன்?"

சுபிதா போனை அவள் கையில் திணித்தாள். "கூப்பிடு. ஒவ்வொருத்தியா. இன்னைக்கு எல்லாரும் வீட்டுலதானே இருப்பாவ."

முதலில் எடுத்தவள் ஸ்டெனி. அக்கா விளக்கியதைப் பிரீனா சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க அக்காவை அந்தக் கடையில வேலையை விட்டு எடுத்தாச்சாமே" என்றாள் பிறகு. "புக்குல இருக்கியதை மேடம் ஒண்ணுக்கு ரெண்டு மட்டம் சொல்லித் தந்தாவ. நான் அதைத்தான் போடுவேன்."