பச்சைக் கெட்டில் ஜெர்கின்

பர்பாங்க் ஸ்டுடியோவில் எடுக்கும் ஒரு டிவி தொடரில், காட்சியின் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு மூன்று விதிகள். வெள்ளை உடை கூடாது. காமிராவைப் பார்க்கக் கூடாது. உடம்பில் எந்தக் கம்பெனியின் பெயரும் தெரியக் கூடாது. இந்தக் கூட்டத்தில் எட்டு வருடமாக இருக்கும் வெர்னீஸ் டாலிவர் மூன்றையும் ஒருநாள்கூட மீறியதில்லை. முப்பது வருடம் தபால் ஆபீஸில் குப்பை கொட்டியவளுக்கு விதி என்றால் விதிதான். அப்படிப்பட்டவள் அன்று ஒரு கறுப்பு சாட்டின் ஜெர்கினை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். முதுகு முழுக்க ஒரு பச்சைக் கெட்டில், அதைச் சுற்றி 'கிரீன் கெட்டில் ரெக்கார்ட்ஸ்' என்று ஓர் இசைத்தட்டுக் கம்பெனியின் பெயர், தையல் எழுத்தில்.

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் டெல்ஃபினா கறுப்பு டேப்பைக் கையில் எடுத்தாள்.

“வெர்னீஸம்மா, நீங்களுமா? திரும்புங்க, ஒட்டிடறேன்.”

“ஒட்டாதடி கண்ணு. அந்தக் கம்பெனிய மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எவன் வந்து கேக்கப்போறான்?”

“மூடின கம்பெனிக்கும் முதலாளின்னு ஒருத்தர் இருப்பாரே. அவரு கேஸ் போட்டுட்டா? எங்க வக்கீலுங்களுக்குத் தூக்கமே வராது.”

“முதலாளி என் வீட்டுக்காரர்தான்.”

டெல்ஃபினா டேப்பை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெர்னீஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறைக்க என்ன இருக்கிறது? போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து ராஸ்கோ இங்கிள்வுட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மதியம் ஒரு மணி ஆனால் இந்தத் தொடரைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிடுவார், மனைவியைப் பார்க்க. மனைவியோ கடைசி மேஜையில், காபியே இல்லாத காபிக் கோப்பையோடு, மங்கலாக ஒரு மூலையில் இருப்பாள். சாயங்காலம் போனால், “இன்னிக்கும் நீ வரவே இல்லையே” என்பார். முதலில் சிரித்தாள். இப்போதெல்லாம் திரும்பி வரும் பஸ்ஸில் அழுகிறாள். தன் முகமே அவருக்கு மறந்துகொண்டு வருகிறதோ என்று பயம். முகம் மறந்தாலும் அந்தக் கெட்டில் மறக்காது. முதல் பாட்டை அவர்கள் வீட்டு அடுப்படியில்தான் பதிவு செய்தார்கள். பாதிப் பாட்டில் கெட்டில் விசிலடிக்க, அதையும் அப்படியே விட்டுவிட்ட மனிதர் அவர்.

“அப்போ ஒரே வழிதான்,” என்றாள் டெல்ஃபினா. “அனுமதிக் கடிதத்த ஃபேக்ஸ்ல அனுப்பறேன். அவரு கையெழுத்துப் போட்டு வந்துட்டா டேப் வேண்டாம். ஆனா மூணு மணிக்கு ஷாட். வரலேன்னா ஒட்டிடுவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

ஒன்றரைக்குக் கடிதம் போயிற்று. இரண்டு மணி ஆகியும் பதில் இல்லை. வெர்னீஸ் இல்லத்துக்குப் போன் போட்டாள். நர்ஸ் ஒடெட் எடுத்தாள்.

“வந்துடுச்சும்மா. நாலு தடவை படிச்சிட்டாரு. இப்போ சட்டைய மாத்திவிடச் சொல்றாரு.”

“கையெழுத்துப் போடறதுக்கா?”

“டை வேணுமாம்.”

“கல்யாணத்துக்கே டை கட்டாத மனுஷன்டி அவரு!” என்று கத்திய வெர்னீஸுக்கு, சட்டென்று விஷயம் புரிந்தது. போனை வைத்துவிட்டு, குவித்துப் போட்டிருந்த துணிமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

எழுபத்து நாலாம் வருடம். கார் ரேடியோவில் ராஸ்கோவின் மெட்டு வந்தது. வேறு யாரோ பாடினார்கள், வேறு ஒரு பெரிய கம்பெனியின் பெயர் சொன்னார்கள். அவர் காரை ஓரமாக நிறுத்திப் பாட்டை முழுசாகக் கேட்டார். பிறகு, “கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, வெர்னி” என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடமே கடையைக் கட்டினார். அன்றிலிருந்து இந்த இருபத்து நாலு வருடத்தில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்து எதையும் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு டெலிவிஷன் கம்பெனி, 'தங்கள் அனுமதியை வேண்டுகிறோம்' என்று அவர் பெயருக்கு எழுதியிருக்கிறது. டை கட்டாமல் என்ன செய்வார்?

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஃபேக்ஸ் மிஷின் கரகரத்தது. கையெழுத்து கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. 'பதவி' என்ற இடத்தில், 'உரிமையாளர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 'நிபந்தனைகள்' என்று ஓர் இடம் உண்டு. எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள். ராஸ்கோ விடவில்லை. 'போட்டிருப்பவள் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். முதுகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?'

வெர்னீஸ் அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறந்துவிட்டாராம், முகத்தை!

உதவி இயக்குநர் கர்ட்டிஸ் தலையில் கை வைத்தான். “பின்னாடி இருக்கறவங்க காமிராவப் பாக்கறதா? இது எந்த ஊரு நியாயம்?”

“எழுத்துல இருக்கு சார்,” என்றாள் டெல்ஃபினா. “ஒண்ணு அவங்க திரும்பணும், இல்ல நான் டேப் ஒட்டணும். டேப் தீர்ந்துபோச்சு.”

முழு உருளையாக டேப் அவள் இடுப்புப் பையில் இருந்தது.

கர்ட்டிஸ் அந்தப் பையைப் பார்த்தான், வெர்னீஸைப் பார்த்தான். “ஒரே ஒரு தடவை,” என்றான்.

வெர்னீஸ் கோப்பையோடு ஜன்னல் வரை நடந்தாள். திரும்பினாள். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு அவர் லேட்டாக வரும்போது வைத்துக்கொள்ளும் முகத்தையே வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி வந்த அன்று, வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் டை கட்டியிருந்தார். திரையில் கெட்டில் வந்தது. கெட்டில் நகர்ந்து முகம் வந்ததும் அவர் விரல் மேலே எழுந்தது.

“வந்துட்டா,” என்றார். “லேட்டாயிட்டேன்போல இருக்கே, முறைக்கறா.”

வெர்னீஸ் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ராஸ்கோ கதவோரம் நின்ற ஒடெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டாங்க,” என்றார். “குடுத்தேன்.”