இருபது கப்பலுக்கு இருபது கப்பல்

சிம்போத்தே துறைமுகத்தில், சந்தைக்குப் பின்தெருவில் சொராய்தாவின் கணினிக் கடை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அங்கே காஸ்மா ஊர் ஜோடியோடு போட்டி. பழைய நாடுகளை வளர்த்துப் படை திரட்டி மோதும் அந்த ஆட்டத்தில், இந்த முறை வரைபடம் முழுக்கத் தீவுகள் என்று முடிவாகியிருந்தது. ஆக, எந்த நாட்டுக்குக் கப்பல் பலம் அதிகமோ அந்த நாட்டை எடுத்தவர்கள் பிழைத்தார்கள்.

நெலிடாவுக்கு இது முதல் போட்டி. மீன் ஆலையில் காலை முறை முடிந்ததும் கடைக்கு வந்து, இரண்டு வருடம், அங்கே வழக்கமாக ஆடும் வில்மரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றே ஆட்டத்தைக் கற்றவள். வில்மரின் கூட்டாளி வேலை தேடி லிமா போனதில் ஒரு நாற்காலி காலியானது. அதை அவளுக்குக் கொடுத்தபோது வில்மர் ஒளிவுமறைவு வைக்கவில்லை.

"இங்க பாரு ஒல்லி, இந்த ஒரு ஆட்டம்தான். தோத்தா அடுத்த வாரம் என் சித்தப்பா பையன் யெர்சன் உக்காருவான். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"தூக்க மாட்டேன்," என்றாள். தூக்குவாள் என்று அவளுக்கே தெரியும்.

எந்த நாடு என்பதை அவள் ஊகத்துக்கு விடவில்லை. மூன்று வாரம் சோதித்தாள். நாலாம் கணினியில் அவள் வைக்கிங். மின்விசிறிக்கு நேர்கீழே ஏழாம் கணினியில் வில்மர்; அவன் ஜப்பான், கொரியா, இத்தாலி, போர்ச்சுகல் என்று ஒவ்வொரு நாடாக. இருவரும் இருபது கப்பல் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து மோதுவார்கள். நாட்டுக்குப் பத்து ஆட்டம், எல்லாம் நோட்டில். வைக்கிங் ஒருமுறைகூடப் பத்துக்கு எட்டு வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை.

அந்தக் கடற்கரை ஊர்களின் வழக்கப்படி, ஒவ்வொரு ஜோடியும் சேர்ந்து ஆடப்போகும் ஒரே நாட்டின் பெயரைச் சீட்டில் எழுதி நண்பகலுக்குள் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. பதினொன்றரைக்கே 'வைக்கிங்' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஒன்றரை மணிக்கு அவள் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய செபிச்சே மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏழாம் கணினியில் உட்கார்ந்திருந்த வெளியூர் ஆள் மவுஸை மேசையில் தட்டினான்.

"என்னங்க இது, கப்பலத் திருப்புன்னா ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டேங்குது!"

"ஈஸ்டர்லேருந்தே அப்படித்தான் தம்பி," என்றாள் சொராய்தா, வறுத்த சோளத்தைக் கொறித்தபடி. "வலது பொத்தான ரெண்டு தடவ அமுக்கு. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்."

நெலிடாவின் கரண்டி பாதியில் நின்றது. பின்னால் நின்று திரையையே பார்த்தவள், விரலைப் பார்த்ததில்லை. மூன்று வாரமும் வில்மர் ஆடியது அந்த மவுஸில்தான்; வைக்கிங் ஜெயித்ததெல்லாம் அதன் கோளாறால்கூட இருக்கலாம். ஒரு கணம், சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. தோற்றால் யாருக்கும் காரணம் தெரியப்போவதில்லை. அந்த நினைப்போடு சாப்பாடு இறங்கவில்லை. எழுந்துபோய் வில்மரிடம் சொன்னாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியாத ஆளு உண்டா? விரல் தானா ரெண்டு தடவ அமுக்கும்."

"மூணு வாரமா சொல்லவேயில்லியே!"

"நீ கப்பலப் பத்தித்தானே கேட்ட."

சொராய்தா கல்லா மேசை மவுஸைக் கழற்றிக் கொடுத்தாள். போர்ச்சுகலோடு மூன்று ஆட்டம் மறுபடி ஆடினார்கள். இரண்டில் வைக்கிங் மூழ்கியது. மூன்றாவதில் வைக்கிங்குக்கு ஒரே ஒரு கப்பல் மிஞ்சியது.

"சரி, காலி," என்றான் வில்மர். "யெர்சனுக்குச் சொல்லிடவா?"

அவள் நோட்டைப் புரட்டினாள். மவுஸின் கோளாறு தொடாதது ஏதாவது மிஞ்சியிருக்குமா? கட்டும் உத்தரவுக்கு இடது பொத்தான். அப்படியென்றால் கட்டிய நேரங்கள் சரியாக இருக்க வேண்டும். இருக்கும் என்றுதான் நினைத்தாள்; நிச்சயமில்லை. பத்தாம் நிமிடத்தில் வைக்கிங்குக்கு ஒன்பது கப்பல், போர்ச்சுகலுக்கு ஆறு. எல்லாப் பக்கத்திலும் ஏறக்குறைய அதே கணக்கு.

"இருபது வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஒம்பதோட போய் அவங்க மீன்பிடிப் படகுங்கள..."

"படகையா மூழ்கடிக்கச் சொல்ற? எங்கப்பா காதுல விழுந்தா செருப்பாலயே அடிப்பாரு."

அந்தக் கடையில் பாதிப்பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மீன்பிடிப் படகை யாரும் தொட்டதில்லை. அதனாலேயே யாரும் அதற்குக் காவல் போட்டதுமில்லை. காஸ்மாக்காரர்களும் கடற்கரைதான்.

"மூழ்கடிக்க வேணாம்," என்றாள் நெலிடா மெதுவாக. "துறை வாசல்ல வரிசையா நிப்போம். மீன இறக்க முடியாது. இறக்கலன்னா சாப்பாடு இல்ல, சாப்பாடு இல்லன்னா கப்பல் இல்ல. தடைக்காலம்னு நெனச்சுக்கட்டும்."

வில்மர் அவளைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

நாலு மணிக்குச் சீட்டுகள் பிரிக்கப்பட்டன. காஸ்மா ஜோடி எடுத்திருந்தது போர்ச்சுகல். மதியம் வைக்கிங்கை மூழ்கடித்த அதே நாடு. வில்மர் மரம் வெட்ட ஆள் அனுப்பினான். அவள் கப்பல்களைக் கட்டினாள். ஒன்பதரை நிமிடத்தில் ஒன்பதாவது இறங்கியது. போர்ச்சுகல் துறையின் வாசலை மறித்து நிறுத்தினாள். மீனோடு திரும்பிய படகுகள் அங்கேயே வட்டமடித்தன. வெளியே வந்த ஆறு கப்பல்களை ஒன்பதும் சேர்ந்து முடித்தன. புதிதாக வந்தவை ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

இருபத்தேழாவது நிமிடத்தில் காஸ்மா ஜோடியில் இருந்த பெண் கையை உயர்த்தினாள்.

"போதும்மா! நெசக் கடல்லதான் தடைன்னா இங்கயுமா?" என்று சிரித்தாள். "ஆமா, கப்பல்ல எந்த நாடு ஒசத்தி? சொல்லிட்டுப் போ."

"இன்னும் தெரியல," என்றாள் நெலிடா. உண்மையாகவே தெரியாது. அதைச் சொல்ல இப்போது அவளுக்குக் கஷ்டமாகவும் இல்லை.

அப்போதுதான் யெர்சன் உள்ளே வந்தான். "ஒல்லி, எந்திரி. நான் கொஞ்சம் பழகிக்கிறேன்."

"வேற கம்ப்யூட்டர் பாரு," என்றான் வில்மர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல ஆள் இருக்கு."

நெலிடா நாற்காலியை மேசையோடு இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.