வேனின் முன்சீட்டு

ஆமத்தூரிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வெள்ளைத்துரையின் வேனில் முன்சீட்டு யாருக்கும் சும்மா கிடைத்துவிடாது. டிரைவருக்குப் பக்கத்தில், அதிகம் குலுங்காத அந்த ஓர் இடம் முழுகாமல் இருக்கிறவளுக்குத்தான் என்பது வேலைக்குப் போகிற பெண்கள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம். கூட்டம் எவ்வளவு நெருக்கியடித்தாலும் வேறு யாரும் அங்கே ஏறமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட சீட்டில் ஒரு திங்கட்கிழமை சினேகா ஏறினாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். தீபாவளி சீசன் வேலையில் தேதியே மறந்து கிடந்தவளுக்கு அன்று காலையில் தாளிக்கிற வாடை குமட்டியதும்தான், நாள் தள்ளிப் போயிருப்பது பளிச்சென்று உறைத்தது. "அண்ணே, இன்னைக்கு முன்னாடி உக்காந்துக்கிடவா?" என்று கேட்டதுதான் தாமதம், பின்னாலிருந்து அய்யம்மாள் போட்ட குலவையில் ரோட்டோரத்து மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

வேனிலேயே மூத்தவளான அய்யம்மாள் லேசுப்பட்ட ஆளா? கம்பெனி வாசல் வருவதற்குள் பிள்ளைக்குப் பேரே முடிவாகிவிட்டது. மத்தியானம் ஒருத்தி மாங்காய் கொடுத்தாள், ஒருத்தி புளிச்சாதம் கொடுத்தாள். வெடிமருந்து அடைக்கிற மருந்து ரூமில் இருந்த சினேகாவைப் போர்மேன் அன்றே லேபிள் ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றினார். சாயங்காலம் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் வேனே சேர்ந்து கத்தியது. "மெதுவா ஓட்டுங்கண்ணே, முன்னாடி ஆளு இருக்கு." சினேகாவுக்கு வெட்கமும் பெருமையுமாகக் கால் தரையில் பாவவில்லை.

புருஷன் மாரிக்கண்ணனைக் கேட்கவே வேண்டாம். அச்சாபீஸில் ஓடிக்கொண்டிருந்த காலண்டர் ஆர்டரை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு மெடிக்கலுக்கு ஓடினான். ஒன்று சரியாகக் காட்டாவிட்டால் என்ன செய்வது என்று டெஸ்ட் கார்டு இரண்டாக வாங்கிவந்தான்.

கார்டில் ஒரே ஒரு கோடுதான் விழுந்தது. மாரிக்கண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். இன்னொரு கோடு வருவதாக இல்லை.

சுகாதார நிலையத்து நர்ஸ் அவளை உட்காரவைத்துச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தார். "சீசன் வந்தா இப்படிப் பலபேரு வாராக. நேரத்துக்குச் சாப்பிடாம, தூக்கம் கெட்டு, கவலையும் சேந்தா நாள் தள்ளும். தைராய்டு இருந்தாலும் தள்ளும். ஒரு வாரம் கழிச்சும் வரலைன்னா இன்னொரு கார்டு போட்டுப் பாருங்க. அடிக்கடி இப்படி ஆனா டாக்டர்கிட்ட வந்துருங்க. தள்ளுனாலே பிள்ளைன்னு நெனைக்கிறதும் தப்பு, எனக்கு எப்பவும் தள்ளித்தான் போகும்னு பிள்ளை உண்டானதையே கவனிக்காம விடுறதும் தப்பு."

இன்னொரு கார்டுக்கு வேலை வைக்காமல் அந்த வாரமே வந்துவிட்டது. சினேகா அழுது தீர்த்தாள். பிள்ளை இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை பேர் பார்க்க அந்தச் சீட்டை விட்டுப் பின்னால் போகிறதை எப்படித் தாங்குவது? மிச்சக் கார்டு கண்ணில் படும்போதெல்லாம் அழுகை வந்ததால் அதை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் தலையைக் குனிந்தபடி வேனின் பின்பக்கம் ஏறினாள்.

"ஏ புள்ள, இங்கன ஏன் வாரே?" என்றாள் அய்யம்மாள்.

"வந்துருச்சுக்கா. பிள்ளையெல்லாம் இல்ல. வேலை அலுப்புல தள்ளிப் போயிருக்கு."

மருந்து ரூமில் சினேகாவுக்குப் பக்கத்து இடத்துக்காரி பானுப்பிரியா அவளை இழுத்துத் தன் அருகில் உட்காரவைத்தாள். "இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போடுறியே. எனக்கு என்னைக்கு ஒழுங்கா வந்திருக்கு? இந்தச் சீசன்லயும் ஆளையே காணோம். வயிறு வேற கல்லு மாதிரி உப்பிக் கெடக்கு. ஒரு சோடா குடிச்சா சரியாயிரும்."

சினேகாவுக்கு நர்ஸ் சொன்னது சுரீரென்று ஞாபகம் வந்தது. பைக்குள் கையை விட்டாள். "பானுக்கா, வேலைக்குள்ள போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருவோம்."

"போ புள்ள. எம் மகன் ஏழாப்புப் படிக்கான்."

"படிக்கட்டும். நீங்க வாங்க."

கம்பெனி வாசல் பாத்ரூமுக்கு அய்யம்மாள் காவல் நின்றாள். உள்ளே போன பானுப்பிரியா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவள் கையிலிருந்த கார்டில் இரண்டு கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. "மருந்து ரூம்லயே கெடந்தேனே புள்ள" என்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அய்யம்மாளின் குலவையைக் கேட்டு, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று செக்யூரிட்டி விசிலோடு ஓடிவந்தார்.

சினேகாவுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தியது. பொறாமைதான், வேறென்ன. ஆனால் பானு அவள் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நல்லவேளை பார்க்கச் சொன்னோம் என்ற சந்தோஷம் அந்தக் குத்தலையும் மீறிக்கொண்டு வந்தது.

போர்மேன் பானுவை லேபிள் ஷெட்டுக்கு அனுப்பி, டாக்டரைப் பார்க்க மறுநாள் லீவும் கொடுத்தார். சினேகா மருந்து ரூமுக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் வேன் கதவருகே பானு தயங்கி நின்று சினேகாவைப் பார்த்தாள். சினேகா அவள் முதுகில் கைவைத்து முன்சீட்டில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தான் போய், டயருக்கு மேலே தூக்கித் தூக்கிப் போடும் கடைசிச் சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் ஸ்பீடு பிரேக்கர் தெரிந்தது. அய்யம்மாள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சினேகாவின் குரல் முந்திக்கொண்டது.

"மெதுவா ஓட்டுங்கண்ணே, முன்னாடி ஆளு இருக்கு."