இடது பெடல்

லாரி விபத்தில் டிரைவருக்கு வலது கால் முழங்காலோடு போய்விட்டது. இடது காலால் மிதிக்கத் தோதாக ஒரு ஆக்சிலேட்டர் பெடல் வரவழைத்து, வீட்டு வாசலிலேயே தன் கியரில்லாத காரில் பொருத்தினார். நாளை ஓட்டிக் காட்டினால்தான் வேலை என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

“பார்த்துங்க, மிச்சமிருக்கறது ஒரு கால்தான்,” என்றாள் மனைவி.

“வாயை வைக்காதடி.”

கார் நகர்ந்தது. கேட் நெருங்கியதும் அழுத்தி மிதித்தார். கார் கேட்டைப் பெயர்த்துக்கொண்டுதான் நின்றது.

மனைவி பதறி ஓடிவந்தாள். “பிரேக் பிடிக்கலையா?”

“மிதிச்சேனே! உசிரைக் குடுத்து மிதிச்சேன்!”

“எந்தக் கால்ல?”

அவர் குனிந்து பார்த்தார். மடித்து ஊக்கு குத்திய வலது பேண்ட் கால் அந்தரத்தில் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

“கேட்டை ஓரமா இழுத்துப் போடு,” என்றார். “இருட்டறதுக்குள்ள இன்னொரு தரம் பார்த்துடறேன்.”