மலையம்மாளுக்குக் கோடி

மலையம்மாள் உடல் கிடந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மகன் ராஜபாண்டி, கால்மாட்டில் மருமகள் ரோகிணி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தட்டில் ஏந்தியபடி மலையம்மாளின் தம்பி அழகுபாண்டி, அவர் பின்னால் மனைவி அன்னக்கொடி. செத்தவளின் புருஷன் ஆண்டிச்சாமி மட்டும் நிற்கவில்லை. பந்தலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவனியாபுரத்தில் அவர் வீட்டுக் காரியத்தில் ஒரு நாற்காலிகூடக் கோணலாகக் கிடக்கக் கூடாது.

"மச்சான், ஒரு எடத்துல உக்காருங்க."

"நீ கோடியப் போடு மாப்ள. பொழுது எறங்குது."

"போடுறேன். எங்கக்கா பித்தப்பைக் கல்லுக்குத்தான ஆஸ்பத்திரி போனா? கல்லு எடுத்தா செத்துருவாகளா? பதிலச் சொல்லுங்க, போடுறேன்."

கோடி போடாமல் உடலைத் தூக்க முடியாது.

"அந்த ஆஸ்பத்திரி நர்சுதான மச்சான் மருமக, இங்கனதான நிக்கிறா, அவளக் கேளுங்க," என்றாள் அன்னக்கொடி. "வெள்ளக் கோட்டு மாட்டிக்கிட்டு இம்புட்டு நாளும் என்னத்தப் பாத்தாளோ!"

ராஜபாண்டி தரையைப் பார்த்தான்.

ஆண்டிச்சாமி ஒரு நாற்காலியைத் தூக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ஊரெல்லாம் அவர் சொல்லிப் பெருமைப்பட்ட பெரிய டாக்டர், ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரியின் சீழ்ப்புண்ணைத் தொட்ட கையோடு மலையம்மாளின் ஆபரேஷன் புண் கட்டைப் பிரிக்க வந்தார். "சார், கை கழுவிட்டு..." என்றாள் ரோகிணி. டாக்டர் முகம் கறுத்து வெளியே நடந்தார். ஆண்டிச்சாமி பின்னாலேயே ஓடினார். ஆயுசில் யாரையும் கும்பிடாத கைகளைக் கூப்பி, "சின்னப்புள்ள, தெரியாமச் சொல்லிருச்சுய்யா," என்றார். டாக்டர் திரும்பி வந்து கட்டைப் பிரித்தார். அதற்கப்புறம்தான் புண் பழுத்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை.

"என்ன மச்சான், பேச்சக் காணோம்? இவ டாக்டரோட சண்ட போட்டாளாம். அந்தக் கோவத்துல அவரு எங்கக்காவப் பாக்காம விட்டுட்டாராம். ஊரே பேசுது."

"மாமா, விடுங்க," என்றாள் ரோகிணி மாமனாரிடம் மெதுவாக.

பந்தலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டிச்சாமி நடப்பதை நிறுத்தினார்.

"அவ சண்ட போடல. கை கழுவச் சொன்னா. டாக்டரும் பாக்காம விடல, பாத்தாரு. கழுவாத கையோட பாத்தாரு. கும்புட்டுக் கூட்டியாந்தது நானு."