கோல்ட் ரூமில் ஒரு இரும்புத் தூண்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஒரு பிணம்தான் தேவைப்பட்டது. வாரப் பத்திரிகைக்கு ஒரு கதை: கொங்கிறீற்றுக்குள் பிணம், முதல் பக்கத்திலேயே இரத்தம். விவரம் கேட்பதற்காக அஜின்கோர்ட் தேநீர்க்கடையில் கொங்கிறீற் ஒப்பந்தகாரர் றெமிஜியஸைப் பிடித்தேன்.

"பிணத்தை விடுங்கோ அண்ணை. என்ர கரைச்சலை எழுதுங்கோ."

2

'நள்ளிரவு. ஸ்ரௌவ்வில். பனிக்குள் ஒரு அலறல்...' (அடித்துவிட்டேன். யாரும் அலறவில்லை.)

நடந்தது இதுதான். ஸ்ரௌவ்வில்லில் யோகராணி கட்டுவித்த வீட்டுக்குத் தை மாதத்தில் குடிபூரல், புதுமனை புகுவிழா, என்று நாள் வைத்தாயிற்று. வாசல் தளத்தைக் கடுங்குளிரில் போடவேண்டும். குளிரிலும் சீக்கிரம் இறுகவைக்கும் ரசாயனமான அக்சலரேட்டரை றெமிஜியஸ் அளவுக்கு மேலே கலந்தார். தளம் இறுகியது. ஆனால் அந்தச் சரக்கு பிறகுதான் வேலையைக் காட்டும். காயக் காயக் கொங்கிறீற் கூடுதலாகச் சுருங்கும், வெடிப்பு விடும். பாரம் ஏறியே இருந்தால் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளையும்.

பாரம்? வாசலில் இரண்டு கருங்கல் சிங்கங்கள். (நான் சேர்க்கவில்லை. எனக்கு இவ்வளவு கற்பனை இல்லை.)

தளத்துக்கு நேர் கீழே, நிலவறையில், அரிசி மூட்டை வைக்கும் குளிர் அறையான கோல்ட் ரூம். அங்கே தளத்தைத் தாங்க றெமிஜியஸ் ஒரு இரும்புத் தூணை நிறுத்தியிருந்தார்.

3

"தூணை எடும் தம்பி," என்றார் யோகராணி. "குடிபூரலுக்கு வாற சனம் அலுமாரியையே திறந்து பாக்கும். புது வீட்டுக்கு முண்டு குடுத்திருக்கெண்டு கதைக்குங்கள்."

"அப்ப சிங்கத்தை எடுங்கோ அக்கா."

"சிங்கம் இந்தியாவில இருந்து கப்பலில வந்தது. நீர் டோர்செட் பார்க் வாடகை மாடியில இருந்து வந்தனீர்."

றெமிஜியஸ் தூணைத் தட்டிக் காட்டினார். யோகராணி அண்ணாந்து தளத்தைப் பார்த்தார்.

"தூணை எடுத்தா விழுமே?"

"விழாது. அதுதான் கரைச்சல். இண்டைக்கு விழுந்தா என்னைப் பிடிப்பியள். இது கொஞ்சம் கொஞ்சமா வளையும், வெடிப்பால தண்ணி இறங்கும். நான் அக்சலரேட்டர் கூடப் போட்டிட்டன் அக்கா."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் நாள் போட்டு அழைப்புக் கார்ட் அடிச்சிட்டியளே."

4

முடிவு ஒன்று: விருந்தின் நடுவே தளம் இடிந்து... (வாரப் பத்திரிகை கேட்கும். கொங்கிறீற் கேட்காது.)

முடிவு இரண்டு: யோகராணி மனம் மாறி, சிங்கங்களை... (அவரைத் தெரிந்தவர்கள் என்னை நம்பமாட்டார்கள்.)

ஆகவே நீங்களே வாருங்கள். கார்ட் உங்களுக்கும் வந்திருக்கிறது. சிங்கங்களைத் தாண்டி உள்ளே வந்து, குளியலறை, அலுமாரி எல்லாம் பார்த்தாயிற்று. கீழே கோல்ட் ரூம் கதவுக்கு முன்னால் பட்டுச்சேலையில் யோகராணி.

"உதுக்குள்ள ஒண்டுமில்லை. சாப்பிட வாங்கோ."

கதவுக்குப் பக்கத்தில், கையில் ஆறிப்போன பாயசத்துடன் றெமிஜியஸ் உங்களையே பார்க்கிறார்.

கதவின் கைப்பிடி உங்கள் பக்கம் இருக்கிறது.